புள்ளியைத் தின்னும் விதி: மும்பைத் தமிழரின் கோப்புப் பெயர்கள்

தாராவி 90 அடிச் சாலையில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். மேக் கணினியில் வேலை. கோப்பின் பெயர் "கோமதி கல்யாணம் 12/6 ப்ரூஃப் சரியா?". மேக் இதை ஏற்கும். அச்சகத்தில் இருப்பது விண்டோஸ். அது சாய்கோட்டையும் கேள்விக்குறியையும் ஏற்காது. இப்படிச் சில நூறு கோப்புகள் சேர்ந்துவிட்டால் ஒவ்வொன்றாகத் திருத்த முடியாது. யாரோ எழுதிவைத்த நாலு வரி நிரலை ஓட்டி மொத்தமாகப் பெயர் மாற்றுவார்கள். கேடு அந்த நாலு வரியில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

விண்டோஸ் விலக்கும் அச்சுக்குறிகள் ஒன்பதே: இரு சாய்கோடுகள், முக்காற்புள்ளி, உடுக்குறி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள், இரு கோண அடைப்புகள், நிலைக்கோடு. இவற்றோடு பெயரின் கடைசியில் இடைவெளியோ முற்றுப்புள்ளியோ நிற்கக் கூடாது. டாஸ் காலத்திலிருந்து வரும் கான், நல் போன்ற சில சாதனப் பெயர்களும் ஆகா. தமிழ் எழுத்து ஒன்றுகூட இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பரவலாகக் கைமாறும் நிரல்கள் எதை நீக்குவது என்று சொல்வதில்லை. எதை விட்டுவைப்பது என்று சொல்கின்றன. "எழுத்து, எண், இடைவெளி தவிர எல்லாம் போகட்டும்" என்பது அவற்றின் விதி.

எழுத்து என்றால் எது? தொல்காப்பியத்துக்கு மெய்யின் இயல்பே புள்ளி பெற்று நிற்பது. யூனிகோடோ புள்ளியையும் கால், கொம்பு, சுழிகளையும் எழுத்து என்ற வகையில் வைக்காமல் ஒட்டுக்குறி என்ற வகையில் வைத்திருக்கிறது. அந்தப் பாகுபாட்டில் பிழையில்லை. பெர்ல் மொழி ஒட்டுக்குறிகளையும் சொல்லின் உறுப்பாகவே கொள்கிறது. பைத்தானோடு வரும் 'ரீ' தொகுப்பு கொள்வதில்லை. ஆகவே அதில் மேற்படி விதியை ஓட்டினால் மிஞ்சுவது "கமத கலயணம 126 பரஃப சரய". ஆய்தம் தப்பியது, அது யூனிகோடில் முழு எழுத்து என்பதால். தாராவி 'தரவ' ஆகும், செம்பூர் 'சமபர' ஆகும். மராத்தியில் எழுதிய தாதர்கூட 'ததர' என்றாகிவிடும். தமிழும் தேவநாகரியும் ஒரே அடைவில் கிடக்கும் இந்த நகரத்தில் சேதம் இரு மொழிக்கும்தான்.

பெயர் சிதைவதோடு இது நிற்பதில்லை. அதே முகூர்த்தத்தில் குமுதா என்ற பெண்ணுக்கும் கல்யாணம் என்று வையுங்கள். கோமதியும் 'கமத', குமுதாவும் 'கமத'. பெயரின் மற்ற பகுதியும் ஒன்றாக இருந்தால், மேக்கிலும் லினக்ஸிலும் பைத்தானின் பெயர்மாற்றக் கட்டளை ஒரு கேள்வியும் கேட்காமல் முதல் கோப்பின் மேல் இரண்டாவதை எழுதிவிடும். விண்டோஸில் பிழை காட்டி நிற்கும். மேக்கிலேயே பெயரைச் சுத்தம் செய்து அனுப்பும் பொறுப்பான கடைக்காரருக்குத்தான், ஆக, ஒரு பத்திரிகை காணாமல் போகும்.

ஆங்கிலத்திலேயே பெயர் வைத்தால் என்ன என்பார்கள். ரோமன் எழுத்தில் பள்ளியும் பல்லியும் ஒன்று, குளமும் குலமும் ஒன்று. ஒரு தொல்லையைத் தவிர்க்கப் போய் அதே தொல்லைக்குள் வேறு வாசல் வழியாக நுழைகிறோம்.

இன்னொரு நுட்பம் உண்டு. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை (1998) 'கோ' என்பதில் உள்ள உயிர்க்குறியை இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தே பெயரில் பதியும். 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்த வடிவத்தை அப்படியே காக்கும். பழைய கோப்பு லினக்ஸுக்குப் போனால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு 'கோமதி'கள் அருகருகே இருக்க முடியும். தேடினால் ஒன்றுதான் கிடைக்கும். எனவே பெயர்களை முதலில் யூனிகோடின் கூட்டு வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகே அந்த ஒன்பது குறிகளையும், அவற்றை மட்டும், அடிக்கோடாக மாற்ற வேண்டும். வெறுமனே நீக்கினால் 12/6 என்ற தேதி 126 ஆகிவிடும்.

எதையும் மாற்றுமுன் பழைய பெயரையும் புதிய பெயரையும் இரு பத்தியாக அச்சிட்டு, புதிய பத்தியில் தனித்தனிப் பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். இருநூறு கோப்புக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது பெயர் வந்தால், குமுதா எங்கே என்று அப்போதே கேட்டுவிடலாம்.