விண்கலத்தில் திருமறை: ஒரு வாசிப்பு மரபின் வரலாறு

முன்னுரை

படைத்தவர் கருதாத பொருளைப் படிப்பவர் ஒரு நூலில் காண்பது உண்டு. அப்பொருள் நூலுக்கு உரியதா, கண்டவருக்கு உரியதா என்னும் வினா உரையாசிரியர் காலந்தொட்டே எழுந்து வருவது. இன்று அவ்வினா ஏட்டிலிருந்து தொலைக்காட்சித் திரைக்கும் சென்றுள்ளது. விண்கலங்களும் இயந்திர மனிதரும் உலவும் அறிவியல் புனைகதைத் தொடர்களில் கிறித்தவ விசுவாசத்தின் சாயல்களைத் தேடிக் காணும் திறனாய்வு மேலைநாடுகளில் வளர்ந்துள்ளது. இத்தகைய தேடல் தமிழர்க்குப் புதியதன்று. நூறாண்டுகளுக்கு முன்பே திருமயிலைக் கடற்கரையை நிலைக்களமாகக் கொண்டு இதனையொத்த தேடலொன்று நிகழ்ந்தது. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரை.

திரையில் கண்டவை

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. எண்பதுகளில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் வாயிலாக மயிலாப்பூர், தியாகராய நகர் இல்லங்களுக்குள்ளும் விண்கலப் பயணம் நுழைந்தது. 1966 முதல் 1969 வரை அமெரிக்காவில் முதன்முதலாக ஒளிபரப்பான தொடர் அது. அதனைப் படைத்த ஜீன் ராடன்பெரி கிறித்தவச் சூழலில் வளர்ந்து, பின்னர்ச் சமய நிறுவனங்களிலிருந்து விலகி, மனிதநேயக் கொள்கையைத் தழுவியவர். தம்மைக் கடவுள் என்று கூறிக்கொள்வோரின் வேடம் கலைவதே அத்தொடரின் கதைகள் சிலவற்றின் கருவாகும்.

எனினும் 1968 மார்ச்சில் ஒளிபரப்பான ஒரு கதை வேறு திசையில் செல்கிறது. உரோமப் பேரரசு வீழாமல் இருபதாம் நூற்றாண்டின் நிலையை எட்டிய ஒரு கோள். அங்கே ஒடுக்கப்பட்ட மக்கள் சிலர் கதிரவனை வழிபடுவோர் என்று எண்ணப்படுகின்றனர். அவர்கள் வழிபடுவது வானத்து ஞாயிற்றை அன்று, இறைமகனையே என்பதை இறுதியில் உகூரா என்னும் பெண் அலுவலர் உணர்த்துகிறார். ஆங்கிலத்தில் ஞாயிற்றைக் குறிக்கும் சொல்லும் மகனைக் குறிக்கும் சொல்லும் ஒலியால் ஒன்றுவதே இச்சிலேடைக்கு அடிப்படை. காளமேகத்தைப் பயின்றவர்க்கு இதன் சுவையை விளக்க வேண்டுவதில்லை.

இதனினும் ஆழமானது 1995இல் வெளிவந்த 'பாபிலோன் 5' தொடரின் ஒரு கதை. விண்வெளி நிலையத்தில் வாழும் துறவி எட்வர்டு, தம் விசுவாசத்தின் உள்ளீடு கெத்செமனி இரவே என்கிறார். தப்பிச் செல்ல வழியிருந்தும் இயேசு செல்லாமல் காத்திருந்த இரவு அது. பின்னர் ஓர் உண்மை வெளிப்படுகிறது. அத்துறவி முன்பு கொலைகள் பல புரிந்தவர். தண்டனையாக நினைவு அழிக்கப்பட்டுப் புதிய மனிதராக்கப்பட்டவர். கொலையுண்டோரின் உறவினர் பழிதீர்க்க வருகின்றனர். தம் இரவு வந்தபோது அவரும் தப்பிச் செல்லவில்லை. அவரைக் கொன்றவனுக்கும் அதே தண்டனை விதிக்கப்படுகிறது. அவனும் துறவியாகி வந்து நிற்கிறான். அவனை நோக்கிக் கை நீட்டுவது நிலையத் தலைவருக்கு எத்துணை அரிதாகிறது என்பதைக் காட்டிக் கதை நிறைவுறுகிறது. மன்னிப்பு எளிதன்று என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டிய இக்கதையை எழுதிய ஸ்ட்ரசின்ஸ்கி, தம்மை இறைமறுப்பாளர் என்று அறிவித்துக்கொண்டவர்.

ஆகவே, இத்தொடர்களில் கிறித்தவக் கருத்து உண்டு என்பது மெய். அதனால் இவற்றைப் படைத்தோர் விசுவாசிகள் என்பது பெறப்படாது. இவ்விரு கூற்றுகளையும் வேறுபடுத்திக் காணத் தவறுவதால் நேரும் இடரைத் திருமயிலை வரலாறு நமக்குக் காட்டுகிறது.

மயிலைக் கடற்கரையில் ஒரு கற்பனை

1839இல் தமிழகம் வந்த ஜி.யு. போப், 1886இல் திருக்குறளை ஆங்கிலச் செய்யுளில் பெயர்த்து வெளியிட்டார். அந்நூலின் முன்னுரையில், மயிலைக் கடற்கரையில் வள்ளுவர் கிறித்தவ போதகருடன் உலவி அவர்தம் கருத்துகளை உள்வாங்கியிருக்கலாம் என்று அவர் கற்பனை செய்தார். வள்ளுவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் மயிலையும், தோமையார் மரபைப் போற்றும் சாந்தோமும் அருகருகே இருப்பது இக்கற்பனைக்கு வாய்ப்பளித்தது. குறளின் காலத்தைக் கி.பி. 800க்கும் 1200க்கும் இடையே அவர் வைத்தமையும் இதற்குத் துணையாயிற்று.

பொறையுடைமையிலும் இன்னா செய்யாமையிலும் மலைப்பொழிவின் ஒலியைப் போப் கேட்டது வியப்பன்று. அன்புள்ளம் கொண்டோர் இருவர் குரல் ஒத்திசைப்பது இயல்பே. ஆனால் ஒப்புமையிலிருந்து கடன் என்ற முடிவுக்குச் செல்லச் சான்று வேண்டும். அவரிடம் இருந்தது இடத்தின் அண்மை மட்டுமே. கடவுள் வாழ்த்தில் மலர்மேல் நடந்தவனாக இறைவனைக் குறிக்கும் தொடரில் சமணர் அருகனைக் காண்பதும், பிறர் தத்தம் இறைவனைக் காண்பதும் இங்கு நினைக்கத்தக்கன. இல்லாத சான்றைத் தேடும் வேட்கையில் போலி ஆவணங்களை நம்பி ஏமாந்த நிகழ்ச்சியும் 1970களில் சென்னையில் நேர்ந்தது. அது நீதிமன்றம் வரை சென்றது.

எனினும் தமிழகம் போப்பை வெறுக்கவில்லை. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் எழுப்பப்பெற்ற சிலைகளுள் வள்ளுவருக்கும் போப்புக்கும் இடம் கிடைத்தது. அவர் முடிவை மறுத்தோரும் அவர் தமிழ்க் காதலை மதித்தனர் என்பதற்கு அக்கடற்கரையே சான்று.

மற்றொரு வழி

தம் விசுவாசத்தைப் பிறர் நூலில் தேடாமல், பிறர் மரபைக் கற்று அதில் தம் விசுவாசத்தைப் பாடியோரும் உளர். வைணவக் குடியில் பிறந்து 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட கனவுப் பயணக் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிக'த்தை 1894இல் அளித்தார். கம்பனில் தோய்ந்த அந்நடையால் 'கிறித்தவக் கம்பர்' என்று போற்றப்பெற்றார். கடன் கொண்டதை அவர் மறைக்கவில்லை. ஆதலின் அங்கு வழக்கிற்கு இடமில்லாது போயிற்று.

சுஜாதாவின் ஜீவா

தமிழில் இவ்வாய்வுக்கு ஏற்ற தொலைக்காட்சிக் கதை சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர்த் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான கதை அது. எதிர்கால இந்தியாவை ஆளும் ஜீவாவுக்கு அனைவரும் அடிபணிகின்றனர். ஆனால் ஜீவா என்பது ஒளியால் ஆன உருவம் மட்டுமே. பின்னின்று இயக்குவோர் வேறு.

விவிலியம் பயின்றவர் இங்கே தானியேல் நூலின் பொற்சிலையையும், திருவெளிப்பாட்டில் பேசவைக்கப்படும் விலங்கின் சிலையையும் காண்பர். பிரபந்தமும் கம்பனும் பயின்றவர் தன் பெயரையே ஓதப் பணித்த இரணியனைக் காண்பர். சீரங்கத்தில் வளர்ந்த சுஜாதாவுக்கு இரணியனே அணியன் எனலாம். அதனால் முந்தைய வாசிப்பு பொய்யாகிவிடாது. போலித் தெய்வத்தின்முன் மண்டியிடாமை இரு மரபுக்கும் பொதுவான அறம். அதனை இயந்திர நாயைத் துணையாகக் கொண்ட ஒரு கதை இருவர்க்கும் நினைவூட்டிற்று.

முடிவுரை

ஒரு படைப்பில் தன் விசுவாசத்தின் ஒளியைக் காண்பது வாசகரின் உரிமை. அவ்வொளி தன் விளக்கிலிருந்தே சென்றது என்பது வரலாற்றுக் கூற்று. அதற்குச் சான்று காட்டும் கடமை உண்டு. அடையாற்றில் பிரம்மஞான சபையின் தோட்டத்தில் பல சமயத்தாரின் வழிபாட்டிடங்கள் தனித்தனியே நிற்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து செல்லலாம். ஒன்றை மற்றொன்றாக்க வேண்டியதில்லை. குறளையோ விண்கலக் கதையையோ கையிலெடுக்கும் கவிஞர்க்கும் திறனாய்வாளர்க்கும் அந்நடையே ஏற்புடையதாகும்.