வளைகுடாவில் குடும்பத்துக்கு வாடகை வீடு: கையெழுத்திடும் முன் அறிய வேண்டியவை

போடிநாயக்கனூர், சிலமலை வட்டாரத்தில் வாடகை வீடு பிடிப்பது பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே முடிந்துவிடும். தெருவில் ஒருவர் சொல்வார். வீட்டுக்காரரைப் பார்த்து அட்வான்ஸ் கொடுப்போம். மறுநாள் சாமான்களை இறக்கிவிடுவோம். கையில் மொத்தப் பணம் இருந்தால் ஒத்திக்கு எடுப்போம். மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு லயத்தில் தோட்டக்காரரே இடம் கொடுத்துவிடுவார். எல்லாமே ஆளை நம்பித்தான் நடக்கிறது.

இதே பழக்கத்தோடு துபாய்க்குப் போகும் சகோதரர்கள் சிலர், குடும்பத்தையும் அழைத்துக்கொண்ட பிறகு சிக்கலில் மாட்டுகிறார்கள். அங்கே ஆளை நம்பினால் போதாது. பதிவு செய்த ஒப்பந்தம் கையில் இருந்தால்தான் வீடு நம்முடையது. எனவே துபாயின் நடைமுறையை முதன்மையாக வைத்து, தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துள்ளோம்.

இஜாராவும் எஜாரியும்

வாடகை ஒப்பந்தத்தை மார்க்கச் சட்டத்தில் இஜாரா என்கிறோம். எந்த இடம், எவ்வளவு காலம், என்ன வாடகை என்பவை இரு தரப்புக்கும் ஐயமின்றித் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளவும், சாட்சிகளை ஏற்படுத்திக்கொள்ளவும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதுதான். ஆகவே எழுத்தில் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது.

துபாயில் எல்லா வாடகை ஒப்பந்தங்களும் நிலத்துறையின் ‘எஜாரி’ முறையில் பதிவாக வேண்டும். எஜாரி என்றால் அரபியில் ‘என் வாடகை’ என்று பொருள். இஜாரா என்ற அதே வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. இந்தப் பதிவு இல்லாமல் மின்சார, குடிநீர் இணைப்பு நம் பெயருக்கு வராது. மனைவி மக்களுக்கு விசா எடுக்கும்போதும் பதிவான ஒப்பந்தத்தைக் கேட்பார்கள். அபுதாபியில் இதே வேலையை ‘தவ்தீக்’ செய்கிறது. ஷார்ஜாவில் மாநகராட்சி ஒப்பந்தத்துக்குச் சான்றளிக்கிறது.

முதலில் ஆள், பிறகு வீடு, அதன்பின் குடும்பம்

குடும்பத்தை முதல் நாளே கூட்டிப்போவது சரிவராது. வேலைக்குப் போகிறவர் முதலில் நிறுவனம் தரும் தங்குமிடத்திலோ வேறு தற்காலிக இடத்திலோ இருந்துகொண்டு, வதிவிட விசா, எமிரேட்ஸ் அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, காசோலைப் புத்தகம் ஆகியவற்றைப் பெறட்டும். வீட்டு ஒப்பந்தத்துக்கு இவை தேவைப்படும். குடும்ப விசாவுக்கு மாதச் சம்பளம் குறைந்தது 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமுடன் தங்குமிடம் இருக்க வேண்டும்.

கைக்காசு எவ்வளவு வேண்டும்?

அங்கே வாடகையை மாதக் கணக்கில் பேசுவதில்லை. ஆண்டுக் கணக்கில் பேசி, முன்தேதியிட்ட காசோலைகளாகக் கொடுப்பார்கள். ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு, பன்னிரண்டு எனக் காசோலைகளின் எண்ணிக்கை வீட்டுக்காரரைப் பொறுத்தது. ஆண்டு வாடகை 60,000 திர்ஹம், நான்கு காசோலைகள் என்று வைத்துக்கொள்வோம்:

முதல் காசோலை: 15,000.
முன்பணம், வழக்கமாக ஆண்டு வாடகையில் 5 சதவீதம்: 3,000. தட்டுமுட்டுச் சாமான்களோடு கூடிய வீட்டுக்கு 10 சதவீதம் கேட்பார்கள்.
தரகுக் கூலி, வழக்கமாக 5 சதவீதம், அதன்மேல் வரி: 3,150.
மின்சார, குடிநீர் நிறுவனமான ‘தேவா’வின் வைப்புத்தொகை, அடுக்ககத்துக்கு: 2,000. தனி வீட்டுக்கு 4,000.
எஜாரிப் பதிவும் இணைப்புக் கட்டணமும்: சுமார் 350.

ஆக, குடியேறும் நாளில் ஏறத்தாழ 23,500 திர்ஹம் தேவை. நம் கணக்கில் ஐந்து லட்சம் ரூபாயைத் தாண்டும். இதோடு, ஆண்டு வாடகையில் 5 சதவீதம் வீட்டுக் கட்டணமாக, பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் தேவா ரசீதில் ஏறும். மேலே சொன்ன வீட்டுக்கு அது மாதம் 250 திர்ஹம்.

இந்தத் தொகைக்காக ஊர் வீட்டை ஒத்திக்கு விடும் எண்ணம் வரலாம். கொடுத்த கடனைக் காட்டி வீட்டின் பயனை இலவசமாக அனுபவிப்பது வட்டியில் சேரும் என்றே உலமாக்கள் பலர் விளக்கியுள்ளனர். வீட்டை வாடகைக்கு விட்டு, சில மாதங்கள் சேமித்தபின் குடும்பத்தை அழைப்பதே பாதுகாப்பு.

பணம் கொடுக்கும் முன்

வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு திர்ஹமும் அனுப்ப வேண்டாம். தரகரிடம் ‘ரெரா’ எனும் ஒழுங்குமுறை அமைப்பின் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டின் உரிமைப் பத்திர நகலையும் உரிமையாளரின் கடவுச்சீட்டு நகலையும் கேளுங்கள். இரண்டிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். வேறொருவர் கையெழுத்திட்டால் அவரிடம் அதிகாரப் பத்திரம் இருக்க வேண்டும். காசோலைகளை உரிமையாளர் பெயருக்கே எழுதுங்கள். 2022 ஜனவரி முதல் பணமின்றித் திரும்பும் காசோலைக்கான தண்டனைச் சட்டம் தளர்த்தப்பட்டிருந்தாலும், பணம் வர வேண்டியவர் நேரடியாக நிறைவேற்று நீதிமன்றத்துக்குப் போக முடியும். கணக்கில் பணம் இருக்கும் தேதியையே காசோலையில் போடுங்கள்.

உள்வாடகை என்னும் பொறி

ஏமாற்று பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஒருவர் உரிமையாளரிடம் பல காசோலைகள் கொடுத்து வீடு எடுப்பார். சந்தை விலையை விடக் குறைவாகச் சொல்லி, ஆண்டு வாடகை முழுவதையும் நம்மிடம் ஒரே தவணையில் வாங்கிக்கொள்வார். சில மாதங்களில் அவருடைய காசோலை திரும்பும், ஆளையும் காணோம். கதவைத் தட்டும் உரிமையாளருக்கு நாம் யார் என்றே தெரியாது.

துபாயின் 2007ஆம் ஆண்டு 26ஆம் எண் சட்டப்படி, உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதமின்றி உள்வாடகைக்கு விடக்கூடாது. விட்டால், விட்டவரோடு குடியிருப்பவரும் வெளியேற வேண்டும். நஷ்டஈட்டை அந்த ஆளிடம்தான் கேட்க முடியும். ‘நம்ம ஊர்க்காரர்’ என்ற ஒரே காரணத்துக்காக இதில் இறங்க வேண்டாம்.

ஒரு வீட்டைத் தடுப்புப் பலகை போட்டுப் பல குடும்பங்களுக்கு விடுவதும் ஆபத்தானது. அனுமதியற்ற இத்தகைய தடுப்பறைகளுக்கு எதிராக 2025 ஜூனில் துபாய் மாநகராட்சி ரிக்கா, முரக்கபாத், சத்வா போன்ற பகுதிகளில் நடவடிக்கை எடுத்தது. தீப்பிடித்தால் வெளியேற வழியில்லாத அறையில் பிள்ளைகளை வைத்து மிச்சப்படுத்தும் பணம் நமக்கு வேண்டாம்.

குடியேறிய பின் உள்ள உரிமைகள்

வாடகையையோ மற்ற நிபந்தனைகளையோ மாற்ற விரும்பும் தரப்பு, ஒப்பந்தம் முடிய 90 நாட்களுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டு 43ஆம் எண் ஆணைப்படி, நாம் கொடுக்கும் வாடகை சந்தை வாடகையை விட 10 சதவீதம் வரை குறைவாக இருந்தால் உயர்த்த முடியாது. அதற்கும் கீழே இருந்தால் படிப்படியாக 5 முதல் அதிகபட்சம் 20 சதவீதம் வரை உயர்த்தலாம்.

விற்பதற்காகவோ தாம் குடியேறுவதற்காகவோ உரிமையாளர் வீட்டைக் கேட்டால், 12 மாத அவகாசத்துடன் நோட்டரி மூலமோ பதிவுத் தபாலிலோ அறிவிப்புத் தர வேண்டும். வாய்வார்த்தையும் வாட்ஸ்அப் செய்தியும் இதற்குப் போதாது. ஆனால் வாடகை பாக்கிக்கு இந்தச் சலுகை கிடையாது: அறிவிப்பு வந்து 30 நாட்களுக்குள் கட்டாவிட்டால் வெளியேற்றக் கேட்கலாம். தகராறு என்றால் வாடகைத் தகராறு மையத்தை நாடலாம். ஆண்டு வாடகையில் 3.5 சதவீதம் கட்டணம். குறைந்தது 500 திர்ஹம்.

நம்மவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று, ஆண்டின் நடுவே வேலை போனால் என்ன ஆகும் என்பது. ஒப்பந்தத்தை இடையில் முறிக்கும் உரிமையைச் சட்டம் தானாகத் தருவதில்லை. இத்தனை நாள் முன்னறிவிப்பு, இத்தனை மாத வாடகை இழப்பு என்று கூடுதல் நிபந்தனையாக முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டால், மீதிக் காசோலைகளுக்குப் பதில் சொல்லும் நிலை வராது. சாவி வாங்கும் நாளில் சுவர், குழாய், ஏசி எல்லாவற்றையும் படமெடுத்து வைத்தால் முன்பணத்தைத் திரும்பக் கேட்கும்போது ஆதாரமாகும்.

ஊரில் இருக்கும் பெற்றோரும் மனைவிமாரும் ‘வீடு பார்த்துவிட்டாயா’ என்று கேட்பதோடு நிற்காமல், ‘எஜாரி யார் பெயரில் இருக்கிறது’ என்றும் கேளுங்கள். அதன் நகல் ஒன்று ஊர் வீட்டிலும் இருக்கட்டும். அல்லாஹ் நம் குடும்பங்களுக்குச் செல்லுமிடமெல்லாம் நிம்மதியான இல்லத்தையும் ஹலாலான ரிஸ்கையும் தந்தருள்வானாக, ஆமீன்.