கட்டுப்பணமும் கடப்பாடும்: அமெரிக்கப் படையினரின் விதவைகள் ஓய்வூதியம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

படைவீரனுக்கு அரசு செலுத்தவேண்டிய கடன் அவனது இறப்போடு தீர்ந்துவிடுகின்றதா, அன்றி அவனைச் சார்ந்து வாழ்ந்தோருக்கும் தொடர்கின்றதா என்னும் வினா நவீன அரசுகள் யாவும் எதிர்நோக்கியதொன்றாகும். ஐக்கிய அமெரிக்காவில் இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகள் காலத்துக்குக் காலம் மாறிவந்துள்ளன. அம்மாற்றங்களை இளைப்பாறிய படையினரிடமிருந்து அறவிடப்பட்ட கட்டுப்பணத்தின் வரலாற்றினூடாகத் தெளிவாகக் காணலாம்.

சுதந்திரப் போர் நடைபெற்றுக்கொண்டிருந்த 1780ஆம் ஆண்டிலேயே, சேவையில் இறந்த அதிகாரிகளின் விதவைகளுக்கு ஏழாண்டு காலம் அரைச் சம்பளம் வழங்குவதெனக் கண்டக் காங்கிரஸ் தீர்மானித்தது. இதில் இரு அம்சங்கள் மனங்கொள்ளத்தக்கன. ஒன்று, அத்தீர்மானம் அதிகாரிகளின் குடும்பங்களுக்கே உரியதாயிருந்தது. சாதாரண வீரரின் விதவைகள் அதில் இடம்பெறவில்லை. மற்றது, மறுமணம் செய்யும் விதவை அவ்வுரிமையை இழந்தாள்.

போரில் இறந்தோரின் குடும்பங்களுக்கான ஏற்பாடுகள் பின்னர் விரிவடைந்தன. ஆயின், நீண்டகாலம் சேவையாற்றி இளைப்பாறியபின் இறந்தோரின் நிலை வேறாக இருந்தது. வீரன் பெற்றுவந்த ஓய்வூதியம் அவன் இறந்ததும் நின்றுவிடும். படைமுகாமுக்குப் படைமுகாம் கணவனுடன் இடம்பெயர்ந்து வாழ்ந்த மனைவிக்குத் தனக்கெனத் தொழிலோ ஓய்வூதியமோ தேடிக்கொள்ளும் வாய்ப்பு அரிதாகவே கிடைத்தது. எனவே கணவனின் இறப்பு அவளுக்கு வருமானத்தின் இறப்பாகவும் அமைந்தது.

இக்குறையை நீக்கும் முதல் முயற்சி 1953ஆம் ஆண்டுச் சட்டமாகும். 1961இல் இது இளைப்பாறிய படையினர் குடும்பப் பாதுகாப்புத் திட்டம் எனப் பெயர் மாற்றப்பட்டது. இதன்படி வீரன் தன் ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, தனக்குப்பின் மனைவி மக்களுக்கு ஒரு தொகை கிடைக்க வழிசெய்யலாம். ஆனால் அரசு இதற்கு எவ்வித மானியமும் வழங்கவில்லை. முழுச்செலவும் சேர்ந்தோரின் பணத்தினாலேயே ஈடுசெய்யப்படல் வேண்டும். கட்டணம் மிகுதியாயிருந்தமையால் தகுதியுடையோருள் ஏறத்தாழ 15 வீதத்தினரே இதிற் சேர்ந்தனர். கடப்பாட்டை வெறும் காப்புறுதி வாணிபமாகக் கருதியதன் விளைவு இதுவெனலாம்.

இத்தோல்வியின் பின்னணியிலேயே 1972 செப்ரெம்பர் 21ஆம் திகதி எஞ்சியோர் நலத் திட்டம் சட்டமாயிற்று. வேண்டாமென மறுத்தாலன்றி, மணமாகி இளைப்பாறும் வீரன் இதில் தானாகவே சேர்க்கப்பட்டான். அவன் தெரிவுசெய்யும் அடிப்படைத் தொகையின் 55 வீதம் விதவைக்கு மாதந்தோறும் கிடைக்கும். செலவின் ஏறத்தாழ 40 வீதத்தை அரசு ஏற்கவேண்டும் என்பது சட்டத்தை ஆக்கியோரின் நோக்கமாயிருந்தது. எனினும் மனைவியின் விருப்பம் போதிய இடம்பெறவில்லை. கணவன் திட்டத்தை மறுத்தால் அவளுக்கு அறிவித்தல் மட்டுமே போதுமானதாயிருந்தது. அவளது சம்மதம் கட்டாயமானது 1986 மார்ச்சிலிருந்தேயாகும்.

தொடக்கத்தில் அடிப்படைத் தொகையின் முதல் 300 டொலருக்கு 2.5 வீதமும் எஞ்சியதற்கு 10 வீதமும் கட்டுப்பணமாகக் கழிக்கப்பட்டன. அடிப்படைத் தொகை 1,000 டொலராயின் மாதக் கட்டுப்பணம் 77.50 டொலராகும். 1990இல் 6.5 வீதம் என்னும் ஒரே விகிதம் நடைமுறைக்கு வந்தபோது அது 65 டொலராகக் குறைந்தது.

இதே எடுத்துக்காட்டில் விதவைக்குரியது 550 டொலராகும். ஆனால் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் கிடைக்கும் என்ற காரணங்காட்டி, 62 வயதில் அத்தொகை குறைக்கப்பட்டது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 55 வீதம் 35 வீதமாயிற்று. அதாவது 550 டொலர் 350 டொலராயிற்று. முதுமையில், தேவை கூடும் வேளையில், வருமானம் சுருங்கியது. 2004ஆம் ஆண்டுச் சட்டம் இக்குறைப்பைப் படிப்படியாக நீக்க, 2008 ஏப்ரலில் 55 வீதம் முழுமையாக மீண்டது. 70 வயதெய்தி 360 மாதங்கள் கட்டியோர் மேலும் கட்டத் தேவையில்லை என்ற சலுகை 1998இல் சட்டமாகியும் 2008 ஒக்ரோபரிலேயே நடைமுறைக்கு வந்தது. 1972இல் சேர்ந்தோர் இதற்குள் 36 ஆண்டுகள் கட்டிவிட்டனர்.

முரண்பாடு கூர்மையாக வெளிப்பட்டது வேறோரிடத்திலாகும். சேவை காரணமான நோயினாலோ காயத்தினாலோ வீரன் இறப்பின், முன்னாட் படையினருக்கான திணைக்களம் அவன் விதவைக்கு ஓர் இழப்பீட்டை வழங்கும். இது 1956ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்பட்டது. இவ்விழப்பீட்டைப் பெற்றவளின் எஞ்சியோர் ஓய்வூதியத்திலிருந்து டொலருக்கு டொலர் அத்தொகை கழிக்கப்பட்டது. கழிக்கப்பட்ட பகுதிக்குரிய கட்டுப்பணம் வட்டியின்றித் திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஒன்று கணவன் பணங்கொடுத்துப் பெற்ற உரிமை. மற்றது அவனது இறப்புக்கு அரசு செலுத்தும் ஈடு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டமையே அநீதியாகும். விதவைகள் இதனை 'விதவை வரி' என அழைத்தனர். ஏறத்தாழ 65,000 பேர் இதனாற் பாதிக்கப்பட்டிருந்தனர். 1945இல் தோன்றிய பொன் நட்சத்திர மனைவியர் சங்கமும் முன்னாட் படையினர் அமைப்புகளும் பல்லாண்டுகள் போராடின. 2008இல் மாதம் 50 டொலர் என்ற ஈட்டுப்படியே முதலிற் கிடைத்தது. 2019 டிசெம்பரிற் கையொப்பமான சட்டம் கழிவை 2021 முதற் படிப்படியாகக் குறைத்து 2023 ஜனவரியில் முற்றாக ஒழித்தது. ஆயினும் முந்திய தசாப்தங்களிற் கழிக்கப்பட்டவை திருப்பிக் கொடுக்கப்படவில்லை.

தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பணத்தை அறவிடும்போது அரசு இத்திட்டத்தைக் காப்புறுதியாகக் கொண்டது. கொடுக்கும்போது தேவைக்கேற்பக் குறைக்கத்தக்க உதவியாகக் கொண்டது. காப்புறுதியாயின் உரியதை முழுமையாகக் கொடுத்தல் வேண்டும். கடப்பாடாயின் அதன் சுமையை வீரன்மீது ஏற்றுதல் தகாது. இருநிலைக்கும் இடைப்பட்ட இழப்பைச் சுமந்தவர்கள் விதவைகளே. 55 வயதுக்குமுன் மறுமணம் செய்வோரின் ஓய்வூதியம் நிறுத்தப்படும் விதி இன்றும் நிலைத்திருப்பது, 1780ஆம் ஆண்டின் கருத்தோட்டம் முற்றாக மறையவில்லை என்பதைக் காட்டுகின்றது. துணைவியின் வாழ்வு இன்னும் இறந்தவனின் சேவையின் நிழலாகவே கணிக்கப்படுகின்றது. அவளது உழைப்பு எக்கணக்கிலும் இடம்பெறவில்லை. கிடைத்த திருத்தங்களுள் முக்கியமானவை அரசின் பெருந்தன்மையால் வந்தவையல்ல. பாதிக்கப்பட்டோர் அமைப்பாகத் திரண்டு கேட்டமையால் வந்தவை என்பது ஏனைய நாடுகளின் ஓய்வூதியச் சட்டங்களை ஆராய்வோரும் கருத்திற் கொள்ளவேண்டியதாகும்.