வந்த ஊரும் கொண்ட பெயரும்

கர்நாடக நவாபுகளின் வரலாற்றைக் கூறும் ‘துஸுக்கே வாலாஜாஹி’ என்னும் பாரசீக நூலைப் படிப்போர், அதில் மீண்டும் மீண்டும் வரும் ஓர் ஊர்ப்பெயரைக் கண்டு சற்றுத் தயங்குவர். நத்தர் நகர் என்பது அப்பெயர். புர்ஹான் இப்னு ஹஸன் இயற்றிய அந்நூலைச் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டாக்டர் எஸ். முஹம்மது ஹுஸைன் நயினார் ஆங்கிலத்தில் பெயர்த்து, 1934இலும் 1939இலும் இரு பாகங்களாக வெளியிட்டார். நத்தர் நகர் என்பது வேறோர் ஊரன்று. நம் திருச்சிராப்பள்ளியே ஆகும்.

ஓர் ஊருக்கு வந்து குடியேறியவர் அவ்வூரின் பெயரால் அழைக்கப்படுவது உலக வழக்கு. வந்தவரின் பெயரை ஊர் பெறுவது அரிது. அவ்வாறு தம் பெயரை ஓர் ஊருக்கு ஈந்தவர் தப்லே ஆலம் பாதுஷா நத்தர் வலி (ரஹ்) அவர்கள். அன்னார் யார், எங்கிருந்து வந்தார், வருவதற்கு முன் என்னவாக இருந்தார் என்னும் வினாக்களைக் காட்டிலும், வந்தபின் என்ன செய்தார் என்னும் வினாவே நமக்குப் பயன் தருவது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரச குடும்பத்தில் பிறந்து, அரியணையைத் துறந்து, பக்கீராக நாடு பல கடந்து காவிரிக் கரையை அடைந்தார் என்பது அன்னாரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அலீகரில் ஆசிரியராக இருந்த டி. டபிள்யூ. ஆர்னால்டு, இஸ்லாமிய அழைப்புப் பணியின் வரலாறாக வெளியிட்ட நூலில் நத்தர் ஷா என அன்னாரைக் குறிப்பிடுகிறார். அரபு நாட்டிலும் பாரசீகத்திலும் வட இந்தியாவிலும் சுற்றித் திரிந்தபின் திருச்சிராப்பள்ளியில் தங்கி, எஞ்சிய நாள்களை வணக்கத்திலும் அறப்பணியிலும் கழித்தார் என்றும், அவர் வழியாகப் பலர் இஸ்லாத்தைத் தழுவினர் என்றும் எழுதுகிறார். திருச்சி வட்டாரத்து இராவுத்தர்கள் தம் முன்னோரின் இஸ்லாத்தை நத்தர் வலியின் பெயரோடு இணைத்துச் சொல்வது நெடுநாளைய மரபு. நத்தர்ஷா என்று பிள்ளைகளுக்குப் பெயரிடும் வழக்கத்தையும் நம் பகுதியில் காணலாம்.

அன்னாரின் மறைவு ஹிஜ்ரி 417 என்றும், கி.பி. 1039 என்றும் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே பலர் எழுதிவருகின்றனர். கணக்கிட்டுப் பார்த்தால் ஹிஜ்ரி 417 என்பது கி.பி. 1026இல் தொடங்குகிறது. இடையே பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் வேறுபாடு. ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபாராது எடுத்தெழுதியதன் விளைவு இது.

அரியணை துறந்த செய்தியையும் இவ்வாறே நிதானத்துடன் நோக்க வேண்டும். ஆந்திரத்துப் பெனுகொண்டாவில் அடங்கியிருக்கும் பாபா பக்ருத்தீன் (ரஹ்) அவர்கள் சீஸ்தான் நாட்டின் அரசராக இருந்து, ஆட்சியைத் தம் சகோதரரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர் என்பது வழிவழிச் செய்தி. திருச்சிராப்பள்ளிக்கு வந்து நத்தர் வலியிடம் சீடரான பிறகே அவர் பெனுகொண்டாவுக்கு அனுப்பப்பட்டார் என்பர். இவர்கள் இருவருக்கும் முன்னர், ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பல்கு நாட்டு இப்ராஹீம் இப்னு அத்ஹம் (ரஹ்) அவர்களின் வரலாறும் அரச வாழ்வைத் துறந்த வரலாறாகவே கூறப்படுகிறது. ஒரே அமைப்பு பல இடங்களில் திரும்பத் திரும்ப வருமாயின், அதில் எவ்வளவு நிகழ்ச்சி, எவ்வளவு அன்பர்களின் பக்தி என்று ஆராய்வது வரலாற்று மாணவனின் கடமை. அவ்வாறு ஆராய்வது இறைநேசர்க்கு இழுக்காகாது. அவர் அரசராக இருந்ததால் நாம் அவரை மதிக்கவில்லை. அரசராகவே இருந்தார் என்று கொண்டாலும், அந்தப் பெருமையை வேண்டாமென்று உதறியவர் அவரே. அவர் உதறியதை எடுத்து மீண்டும் அவருக்கே சூட்டி மகிழ்பவர்கள் நாம்.

இதே திருச்சியில் கோட்டை இரயில் நிலையத்தின் அருகே கல்லுப்பள்ளி என்னும் சிறிய பழம் பள்ளிவாசல் உள்ளது. அப்துல்லாஹ் இப்னு முஹம்மது அன்வர் என்பவரால் ஹிஜ்ரி 116இல் அது கட்டப்பட்டதாக அங்குள்ள அரபுக் கல்வெட்டைப் படித்தோர் கூறுவர். ஹிஜ்ரி 116 என்பது கி.பி. 734 ஆகும். அந்த அப்துல்லாஹ்வுக்கு அரியணைக் கதை எதுவும் இல்லை. தம் பெயர், தம் தந்தையின் பெயர், தாம் எழுப்பிய இறையில்லம் என்னும் மூன்றையே அவர் விட்டுச் சென்றார். ஒரு மனிதனை அறிய இம்மூன்று போதாவா?

இந்தச் சிந்தனைக்கு மூலம் மதீனாவில் இருக்கிறது. அப்து அம்ரு என்ற பெயருடைய மக்காவாசி ஒருவர் இஸ்லாத்தை ஏற்றார். அவர் பெயர் அப்துர் ரஹ்மான் என மாற்றப்பட்டது. ஹிஜ்ரத் செய்து வெறுங்கையராய் மதீனா வந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரை ஸஃது இப்னு ரபீஉ (ரலி) அவர்களுக்குச் சகோதரராக்கினார்கள். தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்த அச்சகோதரருக்காகத் துஆச் செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி காட்டுமாறு மட்டும் அவர் கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று வாழ்வைத் தொடங்கினார். ஊர் புதிது, பெயர் புதிது, தொழிலும் புதிதாகத் தொடங்கியது. ஆயினும் அவர் இறுதிவரை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) என்றே அழைக்கப்பட்டார். அவ்ஃப் என்பது இஸ்லாத்தைக் காணாத தந்தையின் பெயர். அதை எவரும் நீக்கச் சொல்லவில்லை.

ஸைது (ரலி) அவர்களின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்குகிறது. நாயகத்தின் வளர்ப்பு மகனாக இருந்தமையால் அவரை மக்கள் ஸைது இப்னு முஹம்மது என்றே அழைத்துவந்தனர். அதைவிடப் பெரும் சிறப்பு ஒருவருக்கு வாய்க்க முடியாது. எனினும் வளர்ப்பு மக்களை அவர்தம் தந்தையரின் பெயராலேயே அழைக்குமாறு அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் ஐந்தாம் வசனம் அருளப்பட்டதும், அவர் மீண்டும் ஸைது இப்னு ஹாரிஸா ஆனார். தந்தையர் யாரென அறியப்படாதோர் மார்க்கச் சகோதரர்களும் தோழர்களும் ஆவர் என்பதையும் அவ்வசனமே உணர்த்துகிறது. பெயரை மாற்றிக்கொள்ள இடம் உண்டு. பிறப்பை மாற்றிக்கொள்ள இடம் இல்லை. பிறப்பைக் கொண்டு ஒருவரைத் தாழ்த்தவும் இடம் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் முசிறிப் பக்கத்துச் சிற்றூர் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். இஸ்லாத்தை ஏற்று, ஊரைவிட்டு வேறோர் ஊரில் குடியேறி, புதிய பெயரோடு உழைத்து வாழ்ந்துவந்தவர். ஐவேளைத் தொழுகையில் தவறாதவர். அவருக்கு மணம் பேசச் சென்ற இடத்தில், முதல் வினாவாகவே பூர்வீகம் எது என்று கேட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னார், பேச்சு முறிந்தது. “ஹஜ்ரத், அத்தா பெயரையும் மாற்றி எழுதிக்கொண்டால் கேட்கமாட்டார்களாமே, மாற்றலாமா?” என்று வினவினார். மார்க்கச் சட்டத்தை எடுத்துச் சொல்ல எனக்கு நேரமாகவில்லை. அவரை அப்படிக் கேட்கவைத்த நம் சமுதாயத்தை எண்ணித் தலைகுனிந்ததற்கே நேரமாயிற்று.

பூர்வீகம் கேட்ட அந்த வீட்டாரின் முன்னோரும் ஒரு காலத்தில் புதிதாக வந்தவர்களே. நத்தர் வலியிடமோ அவரைப் போன்ற வேறொரு பெரியாரிடமோ கலிமாச் சொன்னபோது அவர்களிடம் எவரேனும் பூர்வீகம் கேட்டிருந்தால், இன்று இப்பகுதியில் எத்தனை மஹல்லாக்கள் இருந்திருக்கும்? 1795இல் சென்னையில் மறைந்த நவாப் முஹம்மது அலீ வாலாஜாவின் உடல் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுவரப்பட்டு நத்தர் வலியின் தர்காவில் அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய தந்தை அன்வருத்தீன் கானும் அயோத்திச் சீமையின் கோபாமவ்விலிருந்து தெற்கே வந்தவரே. முடிதரித்தவர் ஒரு பக்கீரின் அண்டையில் துயில விரும்பினார். வந்தவர்களால் ஆன ஊரில், வந்தவரிடம் போய் எங்கிருந்து வந்தாய் என்று கேட்கும் தகுதி எவருக்கு உண்டு?

அவ்விளைஞரிடம் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் பெயரைச் சொல்லி, அதில் அவ்ஃப் என்பவர் யார் என்பதையும் விளக்கினேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் எங்கள் வகுப்பில் சேர விண்ணப்பம் எழுதித் தந்தார். தம் புதிய பெயரை எழுதி, தந்தை பெயர் என்ற இடத்தில் முசிறிப் பக்கத்து உழவராகிய தம் தந்தையின் பெயரை, ஓர் எழுத்தும் குறையாமல் எழுதியிருந்தார்.