பிறவாதார் பங்கு: சட்டத் தமிழில் ஒரு பொருண்மைச் சிக்கல்

1. முன்னுரை

இனிப் பிறப்பவர்க்கு இன்றைய வளத்தில் பங்கு உண்டா என்னும் வினா அறவியலுக்கு உரியது. எனினும் அதனைத் தமிழில் எழுப்ப முற்படும் மொழிபெயர்ப்பாளர் முதலில் எதிர்கொள்வது இலக்கணச் சிக்கலே ஆகும். ‘பிறவாதார்’ என்னும் எதிர்மறை வினையாலணையும் பெயர் காலம் காட்டுவதில்லை. நாளை பிறப்பவரையும் என்றுமே பிறக்காதவரையும் அது ஒருங்கே சுட்டும். ‘பிறக்கவிருப்போர்’ என்பது பிறப்பை உறுதியாகக் கொள்கிறது. ‘பிறக்கக்கூடியோர்’ என்பது அதனை ஐயத்தில் நிறுத்துகிறது. எச்சொல்லைத் தேர்கிறோமோ அது யாருக்குப் பங்கு என்பதையும் உடன் முடிவுசெய்துவிடுகிறது. இச்சிக்கலை வரலாற்றுச் சான்றுகள் மூன்றன்வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சாவா மூவாப் பேராடு

சோழர் காலத்தில் கோயில் விளக்கெரிக்க ஆடுகள் கொடையாக அளிக்கப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என வகுத்து, நாள்தோறும் உழக்கு நெய் அளக்கப் பணிக்கின்றன. இத்தகைய கொடையாடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிப்பிடுகின்றன. தனித்தனி ஆடுகள் சாகும், மூக்கும். இறந்ததன் இடத்தைப் பிறந்தது நிரப்புவதால் எண்ணிக்கை மட்டும் குறைவதில்லை. எந்தக் குட்டி பிறக்கும் என்பது அறிய இயலாதது. அறிய வேண்டியதும் இல்லை. கடமை தனி உயிரைச் சாராமல் இருப்பைச் சார்ந்து நிற்கிறது. இழப்பு நேரின் அதனை ஈடுசெய்யும் பொறுப்பு ஆடுகளை ஏற்றவருடையது.

3. பெறுவோர் இல்லாக் கொடை

பிற்காலச் சட்டம் வேறு வழியில் சென்றது. தாகூர் வழக்கில் 1872ஆம் ஆண்டு இலண்டன் பிரிவி கவுன்சில், கொடை நடைமுறைக்கு வரும் காலத்தில் இல்லாத ஒருவர்க்கு இந்துச் சட்டப்படி கொடை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. கருவிலிருக்கும் குழந்தை சட்டத்தின் நோக்கில் உள்ளதாகவே கொள்ளப்பட்டது. கருவுக்கு அப்பாற்பட்டவர் கணக்கில் வரவில்லை. இத்தடையைச் சென்னை மாகாணத்தில் 1914ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1916ஆம் ஆண்டின் இந்துச் சொத்துரிமை வழங்கல் சட்டமும் நீக்கின. பெறுவோர் அப்போது இல்லை என்னும் ஒரே காரணத்தால் கொடை செல்லாததாகிவிடாது என்பது இவற்றின் கருத்து.

4. தில்லித் தீர்ப்பு

குடும்பச் சொத்திலிருந்து பொதுவளத்துக்கு இவ்வினா நகர்ந்ததை வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கு காட்டுகிறது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு தொடர்பான இவ்வழக்கில் தில்லியிலுள்ள உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. ஆலைப்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிர்செய்யத் தகுதியற்றுப்போனதைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. தலைமுறைகளுக்கு இடையிலான நேர்மையைக் குறிப்பிட்டதுடன், முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் ஏற்றது. தீங்கு உறுதிப்படாமை செயலின்மைக்குச் சாக்காகாது. தீங்கில்லை என மெய்ப்பிக்கும் சுமை செயலைச் செய்பவரையே சாரும்.

இங்கு ஒரு தடை எழும். டெரிக் பார்ஃபிட் 1984ஆம் ஆண்டு நூலொன்றில் விளக்கியவாறு, இன்றைய முடிவுகள் நாளை யார் பிறப்பார் என்பதையே மாற்றக்கூடும். ஆலைகள் இல்லையெனில் அவ்வூர்களில் வேறு மணங்கள் நிகழ்ந்து வேறு மக்கள் பிறந்திருக்கலாம். அவ்வாறாயின், கெட்ட கிணற்றருகே பிறந்தவர் தமக்குத் தீங்கு நேர்ந்ததென எவ்வாறு கூறுவார்? ‘பிறக்கவிருப்போர்’ என்னும் சொல் முன்பே முடிவான ஆட்களைச் சுட்டுவதால் இவ்வினாவுக்கு விடைதர இயலாது. ‘பிறக்கக்கூடியோர்’ என்பதோ, பிறவாமலே போவோர்க்கும் பங்கு ஒதுக்கச் சொல்லும். பிறவாதவர் எதையும் இழப்பதில்லை.

5. முடிவுரை

இவ்விரண்டையும் தவிர்க்கும் அமைப்பு தமிழில் உண்டு. ‘யார் பிறப்பினும் அவர்க்கு’ என்னும் தொடரில் வினாப்பெயரும் ‘செயினும்’ வாய்பாட்டு எச்சமும் சேர்ந்து, ஒருவரது இருப்பை உறுதி கூறாமலே அனைவரையும் தழுவுகின்றன. கடமை இன்றே தொடங்குகிறது. உரிமை பிறப்பவரைச் சென்றடைகிறது. பேராட்டுக் கொடையின் அடிப்படையும் இதுவே. ஒரு வேறுபாடு மட்டும் மறக்கத்தக்கதன்று: ஆடு ஈனும், உவர்த்த நிலத்தடி நீர் ஈனாது. ஆதலின் நீரைக் காக்கும் கடமை ஆட்டைக் காக்கும் கடமையினும் கடுமையானது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2019 முதல் தமிழிலும் பெயர்க்கப்பட்டு வருகின்றன. ‘வருங்காலத் தலைமுறை’ என்று எழுதி அமையும் மொழிபெயர்ப்பாளர், கடன்பட்டோர் யாரென்று கூறியும் கடன் யாருக்கு என்பதை மங்கவிடுகிறார். ‘யார் பிறப்பினும்’ என எழுதுவது அம்மங்கலை நீக்கும்.