அக்கரைக்கு ஏற்ற பருவம்

மறைமலைநகரிலிருந்து செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே சென்றால் சதுரங்கப்பட்டினக் கடற்கரையை அடைகின்றோம். அங்குள்ள டச்சுக் கோட்டைக்கு வடக்கே மாமல்லபுரம். ஏழாம் நூற்றாண்டில் அரசிழந்து வந்த இலங்கை இளவரசன் மானவன்மனுக்கு உதவியாக நரசிம்மவர்ம பல்லவன் கடல் கடந்து படை அனுப்பினான். அந்நாள் முதலே நம் கரையார்க்கு இலங்கை ‘அக்கரை’தான்.

அக்கரைக்கு எப்பொழுது செல்லலாம்? இன்று இதைக் கேட்போர் விடுமுறையைக் கணக்கிடுகின்றனர். அன்று கேட்டோர் காற்றைக் கணக்கிட்டனர். பருவத்தைக் குறிக்கும் ‘மவ்ஸிம்’ என்னும் அரபுச் சொல்லே போர்த்துக்கீசியர் வழியாக ஐரோப்பா சென்று ‘மான்சூன்’ என்றாயிற்று.

இலங்கை சிறு தீவாயினும் அதன் மழைக்காலம் ஒன்றன்று. நடுவே 2,500 மீட்டருக்கு மேலும் உயர்ந்த மலைகள் காற்றை மறித்து நிற்கின்றன. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று கொழும்பையும் காலியையும் மலையின் மேற்குச் சரிவையும் நனைக்கின்றது. அப்பொழுது திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வெயில். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்றின் காலம்; அப்பொழுது கிழக்கில் மழை, மேற்கில் தெளிந்த வானம். இடைப்பட்ட அக்டோபர், நவம்பரில் தீவு முழுவதும் இடியும் மழையுமே.

இக்காற்றின் வலிமையை உடலால் அறிந்தவர் இப்னு பதூதா. 1344 ஆகஸ்டு இறுதியில் மாலத்தீவை விட்டு, நம் சோழமண்டலக் கரையாகிய மஅபருக்குப் புறப்பட்டார். காற்றோ அவரை இலங்கையில் சேர்த்தது. அங்கு ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியுடன் ஆதம் மலைக்குச் சென்றார். வழியில் அட்டைகள் கடிப்பதையும், அவற்றின் மீது பிழிய மக்கள் எலுமிச்சம்பழம் வைத்திருப்பதையும் எழுதியுள்ளார். அட்டை மிகுவது மழையில் அன்றோ!

பின்னர் மஅபரை நோக்கிக் கப்பலேறினார். நாட்களைக் கூட்டிப் பார்த்தால், பருவம் மாறும் வேளையை ஒட்டியே அவர் புறப்பட்டிருக்க வேண்டும் எனத் தோன்றுகின்றது. கரை நெருங்கும் நேரத்தில் காற்று மூண்டது. பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினர். தம்மைச் சேர்ந்தோரைத் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, அவர் கப்பலின் பின்புறத்தில் இரவைக் கழித்தார். விடிந்தபின் அவரைக் காப்பாற்றியவர்கள் படகில் வந்த இக்கரை மக்களே.

இதனைப் பழங்கதை என்று தள்ளிவிட இயலாது. 1746 அக்டோபரில் சென்னைக் கடலில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களைப் புயல் சிதறடித்தது. 1964 டிசம்பரில் இலங்கையின் வடபகுதியைக் கடந்து வந்த புயலே தனுஷ்கோடியை அழித்தது. இரு கரைகளுக்கும் காற்று ஒன்றே.

ஆகவே இலங்கை செல்ல விழையும் குடும்பத்தார் ‘எந்த மாதம்?’ என்பதோடு ‘எந்தக் கரை?’ என்றும் கேட்டல் வேண்டும். கொழும்பு, காலிக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை. திருகோணமலை, மட்டக்களப்புக்கு மே முதல் செப்டம்பர் வரை. ஆதம் மலை ஏறுவோர்க்கு டிசம்பர் முதல் மே வரை. விமானம் சிறு பொழுதில் நம்மை அங்கே சேர்த்துவிடும். ஆயினும் இறங்கிய இடத்தில் நம்மை எதிர்கொள்வது, இப்னு பதூதாவை அலைக்கழித்த அதே காற்றுத்தான்.