பிச்சாவரம் இருளரின் இறால் பறி

பறி என்பது மீன், இறால் ஆகியவற்றை இட்டுவைக்கப் பனையோலையால் முடையப்படும் கூடை ஆகும். கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்தை அடுத்த கிள்ளை, பிச்சாவரம் பகுதியில் வாழும் இருளர் பழங்குடியினர் இதைப் பயன்படுத்தி வந்துள்ளனர்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் வாய்க்கால்களில் வேர்கள் அடர்ந்திருப்பதால் வலை எளிதில் சிக்கிக் கிழியும். எனவே நீர் வற்றும் வேளையில் இருளர் வாய்க்காலில் இறங்கி, சேற்றையும் வேர் இடுக்குகளையும் கைகளால் தடவி இறாலைப் பிடிப்பர். இரு கைகளும் இவ்வேலைக்குத் தேவைப்படுவதால், பறியைப் பற்களால் கவ்விக்கொண்டு பிடித்ததை அதில் இடுவர். இறால் உணவாகவும் விற்பனைப் பொருளாகவும், கொடுவா போன்ற மீன்களுக்குத் தூண்டில் இரையாகவும் பயன்படுகிறது.

படகும் வலையும் இல்லாத இத்தொழிலைச் செய்வோர் மீனவராக எளிதில் கருதப்படவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலைக்குப் பின் தொடக்கத்தில் வழங்கப்பட்ட நிவாரணம் பெரும்பாலும் படகு, வலை இழப்பைச் சார்ந்திருந்தது. கைகளையும் பறியையும் மட்டுமே கருவியாகக் கொண்ட இருளர் பலர் அதில் விடுபட்டனர். பின்னர் தொண்டு நிறுவனங்கள் வழியாகச் சிலருக்குப் படகும் வலையும் கிடைத்தன.